கருவாட்டுக்கு வந்த மிளா

நேற்று எங்கள் வீட்டில் சாளைக் கருவாடு பொரித்தார்கள். அந்த மணம் வந்தால் மற்றவர்களுக்குப் பழஞ்சோறு நினைவு வரும். எனக்கு மான் நினைவு வரும். சிரிக்க வேண்டாம், சொல்லுகிறேன்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் ஓலைக்கூரை நிற்காத இடத்தில் அரிசி மில் நிறுத்தினவன் நான். வடசேரியில் பாறையை உடைத்து லாட்ஜ் கட்டினேன். ஐந்தாம் கிளாஸ் தாண்டாதவன், பள்ளிக்கூடத்துக்கே சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தேன். அதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஆனால் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கல்யாணத்தையும் கட்டி நிறுத்தினேனே, அதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த சமயம். கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்து முதலாளியிடம் வேலைக்கு நின்றேன். பங்களா முற்றத்தில் நாலு பெரிய பிலா மரங்கள். வெயில் அங்கே உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். "முத்தமே இருட்டடஞ்சு கெடக்கு, லெச்சுமி எப்பிடி ஏறுவா" என்று சொல்லி, முதலாளி மகளைப் பெண்பார்க்க வந்த இரண்டு இடங்கள் திரும்பிப் போய்விட்டன. மரத்தை வெட்டலாமென்றால், முதலாளியின் அப்பா வைத்தது, கை வைக்கக்கூடாது. மூன்றாவது இடம் வரப்போகிறது, அதற்குள் முற்றம் பூத்து நிற்க வேண்டும், இல்லையென்றால் நீ மலையிறங்கு என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டது. "அண்ணே, இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னைய அந்தப் பிலாவுக்குத்தான் கெட்டிக்குடுக்கணும், பாத்துக்கிடும்."

நட்டேன். ரோஜா நிழலிலேயே செத்தது. செம்பருத்தியும் காசித்தும்பையும் எப்படியோ தழைத்தன. தழைத்ததை மிளா தின்றது. மிளா என்றால் எங்கள் மலையில் கழுதைக்கு மேல் உயரமாக நிற்கும் பெரிய மான். பிலாப்பழம் பொறுக்க வந்து, கூட்டுக்கறி போல என் செடியையும் தொட்டுக்கொண்டு போகும்.

"ஏலே, நீ மிளாவுக்கு வெள்ளாமையா வைக்கிய?" என்றார் முதலாளி.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மூக்குள்ள எதுவும் மீன் கிடக்கிற இடத்தில் நின்று புல் மேயாது. வடசேரிச் சந்தைக்கு இறங்கினேன். முட்டத்திலிருந்து வரும் மேரியக்காவிடம் ஒரு ஓலைக் கடவப்பெட்டி நிறைய உப்புக் கூடிய சாளைக் கருவாடு கேட்டேன்.

"இம்புட்டுமா? என்ன மக்கா, வீட்டுல அடியந்திரமா, ஊருக்கே விருந்தா?"

"இல்லக்கா, மிளாவுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மலையில கெடந்து இப்பிடி ஆயிட்டியே" என்று இரண்டு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள்.

திருவிழாத் தோரணம் மாதிரி முற்றத்தைச் சுற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மலைப்பனி கருவாட்டில் இறங்கி, உப்புத்தண்ணீராக மண்ணில் சொட்டிற்று. மிளாவுக்கு உப்பு என்றால் உயிர் என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை. மிளாக்களுக்குத் தெரிந்திருந்தது. முதலில் ஒன்று வந்தது, பிறகு சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தது. மண்ணை நக்கின, கயிற்றை நக்கின, வாசல்படியை நக்கின. செடி இருந்த இடம் சாணி மெழுகினது போல் ஆயிற்று. அந்த இருட்டு முற்றத்தில் பகல் என்ன, இரவு என்ன, அவை வந்துகொண்டே இருந்தன.

மாப்பிள்ளை வீட்டார் சுத்த சைவம். கார் ஏறாத மேட்டில் அவர்கள் நடந்து வருவது தெரிந்ததும் முதலாளி அலறினார். கருவாட்டையெல்லாம் அறுத்துச் சாக்கில் திணித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மிளாவைத்தான் சாக்கில் திணிக்க முடியவில்லை. ஒன்று நடு முற்றத்திலேயே நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா வேர்த்து வழிய வந்தார். மிளா நேரே போய் அவர் கையை நக்கியது. வேர்வையிலும் உப்புத்தானே. அவர் அசையாமல் நின்றார், கண் நிறைந்துவிட்டது. "சாது மிருகம் வந்து கையைத் தொடுதுன்னா, இந்த வீட்டுப் பொண்ணு லேசுப்பட்டவ இல்லவே" என்றார்.

அவர் மனைவி மட்டும் மூக்கைச் சுருக்கினாள். "அதென்ன ஒரு மணம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சாக்கை இன்னும் அமுக்கி உட்கார்ந்து, "மான் மணமாக்கும்" என்றேன்.

"அப்போ கஸ்தூரி" என்றார் பெரியவர், கண்ணை மூடி நன்றாக ஒருமுறை இழுத்து. அவர்கள் கஸ்தூரியையும் மோந்ததில்லை, கருவாட்டையும் மோந்ததில்லை. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

இப்போது பிலா ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் ரப்பர். மிளா எந்த மலைக்கு ஏறிப் போயிற்றோ. அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைகள் பங்களாவை ஆட்கள் வந்து தங்குகிற விடுதியாக்கி, முற்றம் முழுக்க ஓடு பதித்து, வெயிலில் ஒரு சிமென்ட் மானை நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் பலகை: "புண்ணியவதியைத் தேடி மான் வந்த முற்றம்."

போன மாதம் அந்தப் புண்ணியவதியிடமே போய், பலகையில் நடந்ததை எழுதச் சொல்லிக் கேட்டேன். பல்லில்லாத வாயால் சிரித்தாள். "அவிய வீட்டுல எல்லாரும் கஸ்தூரின்னு நம்பியே போய்ச் சேந்துட்டாவ அண்ணே. இனி எதுக்கு?"

அது அவள் நியாயம். சாக்கின்மேல் உட்கார்ந்தவன் நான். பலகையில் என் பெயரும் கருவாடும் வர வேண்டும். இடமில்லை என்றால் அந்தச் சிமென்ட் மானின் வயிற்றில் எழுதட்டும்; பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன்.