முதல் பாட்டு

என் அக்காவின் தொண்டைக்கு வேலை அதிகம். ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் பகுதியில் டோக்கன் எண்களைக் கூப்பிடுவதுதான் அவள் உத்தியோகம். எண் காட்டும் பலகை பழுதாகி நாலு வருஷம் ஆகிறது. அதைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை, அக்காதான் இருக்கிறாளே. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை முந்நூறு எண்கள். பாதிப் பேருக்கு முதல் தடவை கூப்பிட்டால் காதில் விழாது.

வீட்டுக்கு வந்தால் அப்பாவின் போன். அப்பா ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறார். காது மந்தமாகிப் பல வருஷம். வாங்கிக் கொடுத்த காதுக் கருவி பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது. மாட்டினால் உள்ளே வண்டு பறக்கிறதாம். செய்தி அனுப்பினால் திறந்து பார்க்க மாட்டார். போனில் அவருக்குப் புரிகிற ஒரே குரல் அக்காவுடையது. என்னுடையது கீச்சுக் குரல், எட்டவே எட்டாது. ஆறு மணிக்கு அக்கா சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, "மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, வெள்ளை பின்னாடி" என்று கத்துவாள். மாடி வீட்டுக்காரர்களுக்கும் அந்த மாத்திரைகள் மனப்பாடம்.

இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் அவள் பாடவும் செய்தாள். பத்தொன்பது வருஷம் குழுப்பாட்டில், இரண்டாவது வரிசையில். இந்த வருஷம் எங்கள் குடியிருப்புச் சங்கம் பெண் கலைஞர்களுக்கென்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கியது. அரங்கத்தில் கச்சேரி, நடைவழியில் ஓவியங்கள். சங்கத்தின் செயலாளர் அம்மா அக்காவுக்குத் தனியாக இருபத்தைந்து நிமிடம் கொடுத்தார். அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. "மேல் சட்ஜத்துல, அந்த உச்சி 'ஸா'வுல, இன்னும் நிக்க முடியுது. அடுத்த வருஷம் நிக்குமான்னு தெரியலடி" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் அந்தக் குரல் மேல் ஸ்வரங்களில் தேய்ந்துகொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அதனால் கச்சேரிக்கு முந்தைய ஆறு நாட்கள் வீட்டில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். ஆஸ்பத்திரியில் கத்தாமல் முடியாது, சோறு போடுவது அதுதான். மிச்சம் பிடிக்க முடிந்தது வீட்டில் மட்டும். வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வாரம்தான் நிம்மதி" என்று அவள் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். மூன்றாம் நாள் அவரே, சாவி எங்கே, சட்டை எங்கே என்று பேனாவும் காகிதமுமாக அவள் பின்னால் அலைந்தார்.

அப்பாவின் போன் என் தலையில் விழுந்தது. தினம் ஒரு நிமிடம் அப்பாவிடம் தானே பேசிவிடுவதாக அக்கா எழுதிக் காட்டினாள். நான்தான் பெரிய மனுஷி மாதிரி, "நீ தொண்டையைப் பாரு, நான் சமாளிக்கிறேன்" என்றேன். சமாளித்த லட்சணம் இதுதான்:

"அக்கா பாடப் போறாப்பா. அதான் பேசாம இருக்கா."

"யாரு, சின்னவளா? ஒண்ணும் கேக்கல. பெரியவகிட்ட குடு."

நாலாம் நாள் அவர் குரல் மாறியது. "அவளுக்கு என்ன ஆச்சு? எங்கிட்ட மறைக்கிறீங்களா?" என்றார். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சோம்பல்தான், வேறென்ன.

கச்சேரிக்குச் சுருதி அக்காவின் போனிலிருந்து. இப்போதெல்லாம் சுருதிப் பெட்டியும் ஒரு ஆப்தானே. போனை ஒயரில் ஸ்பீக்கரோடு இணைத்து, அழைப்பு எதுவும் வராதபடி ஏரோபிளேன் மோடில் போடுவது என் பொறுப்பு. ஒயரைச் செருகினேன். சுருதி அரங்கம் முழுக்க நிறைந்தது. அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் என் போன் அதிர்ந்தது. அப்பா. ஏரோபிளேன் மோடை மறந்து, அக்காவின் போனை அப்படியே விட்டுவிட்டு நடைவழிக்கு ஓடினேன்.

கொடியில் காயும் துணிகளை ஒரு பெண் வரிசையாக வரைந்து மாட்டியிருந்தார். அவற்றுக்கு நடுவில் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். படம் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சாத்திய கதவுக்கு உள்ளே அக்கா ஆரம்பித்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. "பெரியவகிட்ட குடு" என்றார் அப்பா, எத்தனையாவது தடவையோ. எனக்குப் பொறுமை போய்விட்டது. "கொஞ்ச நேரம் சும்மா இருங்கப்பா" என்று போனை வைத்துவிட்டேன்.

நான் உள்ளே போனபோது இரண்டாவது பாட்டு. உட்காருவதற்குள் சுருதி நின்றது. ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. வயலின்காரர் வில்லை எடுத்தார். அக்கா அழைப்பைத் துண்டித்தாள். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தாள். மூன்றாவது தடவை அடித்தபோது திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்தாள்.

"பெரியவளே, இருக்கியா?" அப்பாவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"இருக்கேன்ப்பா."

"கேக்கல. இருக்கியா?"

அக்கா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த குரலை எடுத்து, "இருக்கேன்ப்பா. நல்லா இருக்கேன். பாடிட்டு இருக்கேன்" என்று கத்தினாள். டோக்கன் கூப்பிடும் அதே குரல்.

"ஆறு நாளா உன் சத்தமே இல்லையே. போயிட்டியோன்னு நெனச்சேன்."

அவர் அழுதார். நூற்றைம்பது பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் முன்னாடி, வெள்ளை பின்னாடி என்று அவள் இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகுதான் போனை வைத்தார்.

பிறகு சுருதியை அரைக் கட்டை இறக்கினாள். வயலின்காரர் தந்திகளைத் தளர்த்திக்கொண்டார். அப்படியும் மேலே போகிற இடங்களில் வெறும் காற்றுதான் வந்தது. ஐந்து பாட்டுகளை மூன்றாகச் சுருக்கிக்கொண்டு எழுந்தாள்.

அன்றைக்கு அதிகக் கைதட்டல் அவளுக்குத்தான். செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நன்றி சொன்னார். "இப்படி ஒரு பொண்ணு கிடைக்க அந்த அப்பா குடுத்து வச்சிருக்கணும்" என்றார். வெளியே வந்ததும் ஆளாளுக்கு அக்காவின் கையைப் பிடித்து, அப்பாவுக்கு என்ன வயசு, எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். பாட்டைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது, எல்லாரையும் விட என்மேல்.

காரில் மன்னிப்புக் கேட்டேன். விடு என்பதுபோல் கையை அசைத்தாள். கண்களை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தவள், பாதி வழியில் கரகரத்த குரலில் கேட்டாள்.

"முதல் பாட்டு எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நான் கேக்கலக்கா. வெளிய அப்பாகிட்ட பேசிட்டு இருந்தேன்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

"மேல் சட்ஜம் நின்னுச்சுடி" என்றாள். "அசையாம நின்னுச்சு. நீயாவது கேட்டிருக்கலாம்."