டியூபில் ஒட்டிய பெயர்

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்பது ஊசி பிடித்தவர்கள் எல்லோரும் குழந்தைகளிடம் சொல்லும் பொய். அந்த ரத்தப் பரிசோதனை லேபில் அவள் சொன்னால் மட்டும் அது நிஜமாக இருந்தது. குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டு, அவள் எல்லோருக்கும் எறும்பக்கா ஆகிவிட்டாள். நரம்பு தட்டுப்படாத கைகளில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். எறும்பக்கா லீவு என்று தெரிந்தால், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

பத்தொன்பது வருஷமாக அதே ஸ்டூல், அதே டியூப் லைட். ஒரு நாளைக்கு எண்பது கைகள். வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் பெயரும் வயதும் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு, ஆள் எழுந்து போவதற்குள் டியூபில் ஸ்டிக்கரை ஒட்டி அவரிடமே காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்தால் ஒருவருடைய நோய் இன்னொருவர் தலையில் விடியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வேறு எந்தத் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்வாள். இதில் மட்டும் வாயில் வந்தபடி திட்டுவாள். அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவளுடைய கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில், வேலைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சரிந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. இவருக்கு ஐம்பது முடிந்ததும் அந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. யாரோ சொல்லி, போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் வரும் ஒன்பது எண்களை அதில் ஏற்றினால், காலண்டர் வயது கிடக்கட்டும், உன் உடம்பின் வயது இது என்று சொல்லிவிடும். முதல் தடவை ஐம்பத்து நான்கு என்று சொன்னது. வீட்டின் நிம்மதி அன்றோடு போனது.

சமையலறையில் ஒரு தராசு வந்தது. ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க அவருடைய டப்பாக்கள்: மீன் எண்ணெய், வைட்டமின் டி, மெக்னீசியம், பெயர் வாயில் நுழையாத ஒரு வெள்ளைப் பொடி. கீரையைக்கூட நிறுத்துதான் தின்றார். கல்லூரிக்குப் போகும் மகள், அப்பாவுக்கு இனி சாப்பாடு கிடையாது, டோஸ்தான் என்று கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அவர் சிரித்தே நாளாகியிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவர் கையில் அவளே ரத்தம் எடுத்து, ஐஸ் டப்பாவில் வைத்து லேபுக்குக் கொண்டுபோவாள். போன தடவை எண் ஐம்பத்தேழு. அன்றிலிருந்து அவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கன்னம் ஒட்டியது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. போன மாதம், கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் வளைவில் தடுமாறியபோது, தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கார் நடுத்திட்டின் மேல் ஏறி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

இந்தத் தடவை எண் இறங்காவிட்டால் மாதத்தில் ஐந்து நாள் வெறும் தண்ணீர்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். எறும்பக்கா சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரையே சொல்லவைத்தும் பார்த்தாள். மனிதர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு ஆப்பைத்தான் நம்பினார். வெறும் தண்ணீரோடு அவர் காரில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று காலை, லேபின் பின்னறையில், அவருடைய டியூப்கள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இவற்றில் என்ன எண் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் பயம் வந்த பிறகு யார் யோசிக்கிறார்கள்? அவள் அவரைவிட ஆறு வயது இளையவள். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. தன் ரத்தம் போனால் எண் எப்படியும் ஐம்பதுக்குக் கீழே வரும், மனிதர் ஒரு வாய் சாப்பிடுவார். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையில் தானே கட்டிக்கொண்டாள். வெறும் வயிறா என்று கேட்கவே வேண்டாம். பத்து மணிக்கு முன்னால் அவள் என்றைக்குச் சாப்பிட்டாள்? எத்தனையோ ஆயிரம் பேருக்கு எடுத்தவள், தனக்கு ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. மூன்று டியூப்களும் நிறைந்தன. அவற்றில் அவர் பெயரை ஒட்டினாள். ஒட்டும்போது விரல் கூசியது. அவருடைய ரத்தத்தைக் கழிவுத் தொட்டியில் போட்டு மூடினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, அவர் சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எண் என்ன என்று கேட்டாள். அறுபத்தாறு என்றார்.

"ஒரு வருஷமா சக்கரைய கையால தொட்டதில்ல," என்றார். "வெறும் வயித்துல இருநூத்தி பதினெட்டு காட்டுது. இன்னும் நான் எத விடணும், நீயே சொல்லு."

அவள் போனை எடுத்து எண்களைப் பார்த்தாள். சர்க்கரை ஏறியிருந்தது, ரத்தம் குறைந்திருந்தது, உடம்பில் எங்கோ புண்ணோ வீக்கமோ இருப்பதாக இன்னொரு எண் சொன்னது. வேறு யாருடைய ரிப்போர்ட்டிலாவது இதைப் பார்த்திருந்தால், வீட்டுக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருப்பாள். ஆறு மாதமாக அவளுக்குத் தாகம் தீரவே இல்லை. ஏசி காற்று என்று நினைத்திருந்தாள். பாதம் மரத்துப்போனது, நின்றுகொண்டே இருக்கிற வேலை என்று நினைத்திருந்தாள். அடுத்தவர் முகத்தைப் பார்த்தே சீக்கு சொல்லும் கெட்டிக்காரிக்குத் தன் உடம்பு தெரியவில்லை. பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

நாளையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே அவர் மேசையைப் பிடித்து எழுந்தார். இனி மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. சும்மா இருந்தால் அவர் அவளுடைய நோய்க்குப் பட்டினி கிடப்பார்.

"நீங்க எதையும் விட வேணாம்," என்றாள். "அது உங்க ரத்தம் இல்ல."

"லேப்ல மாத்திட்டாங்களா?"

"நான்தான் மாத்துனேன். அது என்னோடது."

முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதி. அறுபத்தாறு தன் தலையிலிருந்து இறங்கிவிட்ட நிம்மதி. அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். அதன் பிறகு உட்கார்ந்துவிட்டார். அவள் நினைத்த மாதிரி கத்தவில்லை. ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. காரணம் அவருக்கு எதிரிலேயே, சமையலறை மேடையில், தராசு வடிவத்தில் இருந்தது.

அவர் போனை இழுத்து, ஆஸ்பத்திரியில் நாளைக்கு டாக்டரைப் பார்ப்பதற்கான பக்கத்தைத் திறந்தார். அவள் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் விரல் நின்றது. தன் வயதை மாதத்தோடு நாளோடு, ஈரலின் வயது வரைக்கும் தெரிந்து வைத்திருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு இப்ப என்ன வயசு?"

தினமும் எண்பது பேரிடம் அவள் கேட்கும் கேள்வி. அவளிடம் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"நாப்பத்தஞ்சு."

அவர் எழுதினார். பிறகு, பெயரும் வயதும் சரிதானா என்று போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.