ஐஸ் 2 என்று போட்ட நம்பர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: மகளிர் குழுத் தலைவி. காரைக்காலில் காலேஜ் படிக்கிற ஒரு பெண், மடியில் நோட்டு. சேலை வியாபாரம் செய்யும் முஸ்லிம் அக்கா, ராத்தா என்றே கூப்பிடுவோம், புருஷன் துபாயில். என் வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார். நான்.

கோட்டுச்சேரிமேட்டுப் புயல் பாதுகாப்புக் கூடம் அது. விடியுமுன் எழுந்து, ஏலம் எடுத்து, மீன் விற்று முடித்த கையோடு போனோம். உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொருகியது. தலைவி கூப்பிட்டதால் போனேன். போகாவிட்டால் அடுத்த கூட்டத்தில் பேர் சொல்லிக் கேட்பாள்.

அந்தப் பெண் ஒரு செயலியைப் பற்றி எழுதுகிறாளாம். செய்தி அனுப்புகிற செயலி, இளசுகள் எல்லார் கையிலும் இருப்பதுதான். அதிகம் படிக்காதவர்களுக்கு அது கைக்கு வருகிறதா, அதில் போட்டது மறைவாக இருக்கிறதா, இதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். சொல்லித்தர மாட்டாள். நாங்கள் தட்டுவதைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

"தப்பா அழுத்தினாலும் பரவால்லைங்க அக்கா. அது உங்க தப்பு இல்லை, செயலியோட தப்பு."

"இதை எங்க வீட்டுக்காரர்கிட்டயும் வந்து சொல்லிட்டுப் போ" என்றாள் நாத்தனார்.

முதலில் கேள்விகள். என்னிடம் கேட்டாள்: "உங்க போன்ல என்ன இருக்குன்னு உங்களைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

சைபர் போட்டாள்.

பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போன் கடலில் விழுந்ததிலிருந்து வீட்டுக்கு ஒரே போன்தான். மறுநாள் காற்று எப்படி என்று பார்க்கச் சாயங்காலம் அவரும் இதைத்தான் எடுப்பார். ஆனாலும் அதில் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் மூணாவது வரைதான் படித்தேன். யார் நம்பர் என்று படம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். வீட்டுக்காரருக்குப் படகு. நாத்தனாருக்குக் கூடை. ஐஸ்காரருக்கு ஐஸ் பாளம். இன்னொரு நம்பருக்கும் ஐஸ் பாளம். எழுத்துக்கூட்டி 'ஐஸ் 2' என்று நானே போட்டேன். அது என் மகள்.

அவள் அம்பகரத்தூர்ப் பையனோடு போய் மூணு வருஷம். வேறு சாதி. அவளிடம் பேசினால் நீயும் அங்கேயே போய்விடு என்றார் அவர். ஒரு தடவைதான் சொன்னார். ரெண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை.

மகள் கூப்பிட்டால் ஐஸ் தெரியும். ஐஸ்காரர் தினமும் கூப்பிடுவார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேரன் பிறந்ததையும் அப்படித்தான் கேட்டேன். பக்கத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரி, நாளைக்கு ரெண்டு பாளம் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்தா போனில் அந்தச் செயலி முன்னமே இருந்தது. "துபாய்லேர்ந்து அவரு பேசி அனுப்புறதைத் தட்டினா மூணாவது வீட்டுல பதில் சொல்றாளுவ" என்றார்.

"காதுல வச்சுக் கேட்டா வெளியில கேக்காதுங்களே?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? எங்கயாச்சும் போட்டிருக்கா?"

அதையும் எழுதிக்கொண்டாள்.

"நீங்க அனுப்புறதை நடுவுல யாரும் படிக்க முடியாதுங்க. செயலிக்காரங்களாலயே முடியாது" என்றாள். நான் கொட்டாவி விட்டேன்.

என் போனிலும் ஏற்றினோம். யாருக்காவது ஒரு செய்தி அனுப்பிக் காட்டச் சொன்னாள். என்னமோ கேட்டு ஒரு கட்டம் வந்தது. பெரிய பொத்தானை அழுத்தினேன். இன்னொரு கட்டம். அதையும் அழுத்தினேன். உடனே ஒரு வரிசை வந்தது.

நான் வைத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை. கூடை இல்லை, நாத்தனார் முகம் இருந்தது. அவரவர் வைத்துக்கொண்ட படத்தை அது காட்டுகிறது. கீழே தள்ளினேன். 'ஐஸ் 2'. பக்கத்தில் என் மகள். இடுப்பில் பிள்ளை.

பேரன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். மூக்கு அப்படியே அவர் மூக்கு.

நாத்தனார் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "என்ன அண்ணி, ஐஸ்காரருக்குச் சடை முளைச்சிருக்கு. இடுப்புல பிள்ளை வேற."

மகள் போன அன்று ஓடிவந்து அண்ணனிடம் சொன்னவள் இவள்தான். போனைக் கவிழ்த்தேன்.

"ஏங்க அக்கா நிறுத்திட்டீங்க? அனுப்புற பொத்தான் தெரியலையா?"

"தெரியுது."

"அப்புறம் என்னங்க?"

நாத்தனார் என் கையிலிருந்து போனை எடுத்தாள். விட்டுவிட்டேன். பிடுங்கிச் சண்டை போடத் தெம்பு இல்லை. ரெண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கின் மேல் விரல் நின்றது.

பிறகு அந்தப் பெண்ணிடம், "பாப்பா, இதை எடுத்துடு. சாயங்காலம் எங்க அண்ணன் காத்து பாக்க இந்தப் போனைத்தான் எடுக்கும்" என்றாள்.

"நல்லாத்தானே வேலை செய்யுதுங்க?"

"நல்லாத்தான் செய்யுது. எடு."

"நான் சொல்லித்தரக் கூடாதுங்க. நீங்களே முயற்சி பண்ணுங்க."

ஏற்றியது ஒரு நிமிஷம். எடுக்க நாங்கள் ரெண்டு பேரும் எங்கெங்கோ அழுத்தினோம். செயலியின் நிறம் மாறியது, எழுத்து பெரிசானது. அது போகவில்லை. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"எழுதினது போதும்டி, எங்க வீடு ரெண்டாப் போயிடும்" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை வைத்துவிட்டு, தானே போனை வாங்கிச் செயலியை எடுத்துக்கொடுத்தாள். நான் நம்பர்களைத் திறந்து பார்த்தேன். படகு இருந்தது. கூடை இருந்தது. ரெண்டு ஐஸும் இருந்தன.

தலைவி டீ கொடுத்தாள். ஆறிப்போயிருந்தது.

"கடைசியா ஒண்ணுங்க அக்கா. முதல்ல கேட்டதையே திரும்பக் கேக்கணும். உங்க போன்ல என்ன இருக்குன்னு உங்களைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்?"

நாத்தனார் வாசலைப் பார்த்தபடி டீ குடித்தாள்.

"ஒருத்தருக்கு" என்றேன்.