கம்பம் நகர்ந்த மாலை

எங்கே போய் நின்றாலும் அவள் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பாள். பஸ் நிறுத்தத்தில், மருந்துக்கடை வாசலில், ஏன், சொந்த வீட்டு அடுப்படியில்கூட. யாரோ அவளுக்கென்று ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பதுபோலத் தேடுவாள். பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, ஜன்னலோ விளக்கோ இருக்கும் பக்கம் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு நிற்பாள். நின்றால் நின்றதுதான். மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதற்கே போரடித்துப் பறந்தால்தான் உண்டு.

"ஊர்ல எல்லாருக்கும் கம்பம் தெருவுல இருக்கு. நமக்கு வீட்டுக்குள்ளயே ஒண்ணு. கரெண்ட்தான் வரல" என்பான் அண்ணன்.

அண்ணி அப்படிக் கிண்டல் செய்யமாட்டாள். ஆனால் வரிசையில் நிற்கிற காரியம் எதுவானாலும் நாத்தனாரைத்தான் அனுப்புவாள். அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனவர்கள் யாருமில்லை.

கம்பம் என்ற பெயரை வைத்தது அண்ணன் அல்ல. வேலை செய்கிற இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேலையும் நிற்பதுதான். சினிமாவில் கதாநாயகி வருவதற்கு முன்னால், அவள் நிற்கப்போகிற இடத்தில், அவள் உயரமும் நிறமும் உள்ள ஒருத்தி நிற்கவேண்டும். தரையில் கலர் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். அதன்மேல் அவளை நிறுத்திவைத்து லைட்மேன்கள் வெளிச்சத்தைக் கொட்டுவார்கள். ஏற்றுவார்கள், இறக்குவார்கள், துணி கட்டி மறைப்பார்கள். எல்லாம் சரியானதும் குடைநிழலில் கதாநாயகி வந்து சேருவாள். இவள் நகர்ந்துகொள்வாள். வெளிச்சம் நடிகைக்கு, வேர்வை இவளுக்கு.

இப்படியே நாற்பதை நெருங்கிவிட்டாள். அவள் முகம் ஒரு படத்திலும் வந்ததில்லை. ஆனால் அவள் மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் எவ்வளவு விழும் என்பது லைட்மேன்களுக்கு அத்துப்படி. அவர்களுக்குத் தலைவரான தொப்பைக்காரர் புதுப் பையன்களிடம் பெருமையாகச் சொல்வார்: "லைட்டு ஸ்டாண்டெல்லாம் காத்துக்கு ஆடும்டா. நம்ம கம்பம் ஆடாது."

கம்பம் ஆடிய கதை ஒரு கோடை விடுமுறையில் நடந்தது.

அந்தப் படத்தில் கதாநாயகன் கிடையாது. லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணும், அங்கே சில நாள் தங்க வருகிற இன்னொரு பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி, பிறகு பிரிந்து போகிற கதை. முதல் நாள் லைட்மேன்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் முதுகுவலி வந்ததும், எந்தக் காதலானாலும் விளக்கின் கனம் ஒன்றுதான் என்று தெரிந்து சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சாவிக்காரியாக நடித்தவளுக்காகக் கம்பம் நின்றாள். தங்க வருகிறவளாக நடித்த நடிகை நல்ல உயரம். அந்த உயரத்துக்கு ஆள் கிடைக்காமல் தேடி, கடைசியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளி விடுமுறை, வேனுக்கும் விடுமுறை. வந்த அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். விடுமுறை முடிந்ததும் அம்மா இருக்கிற ஊருக்குப் போகிறாளாம். அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. அங்கே ஒரு பள்ளியில் வேன் ஓட்ட ஒப்புக்கொண்டாயிற்று. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று வந்திருக்கிறாள்.

வேன்காரிக்கு நிற்கத் தெரியாது. ஒரு காலில் நிற்பாள், மறு காலுக்கு மாறுவாள், இல்லாத ஹாரனை அழுத்துவதுபோலக் கட்டைவிரலை அமுக்குவாள். வாயும் அப்படித்தான்.

"நிக்கச் சொன்னா நிக்கறதுக்கு நான் என்ன வண்டியா? ஏங்க, நீங்க மூச்சாவது விடறீங்களா? இல்ல, அதுக்கும் டைரக்டர் சொல்லணுமா?"

முகத்தில் வெளிச்சம் இருக்கும்போது பேசுவது கம்பத்தின் வழக்கமில்லை.

அந்த டைரக்டர் கண்ணாடி போட்ட சின்னப் பெண். எந்த வெளிச்சத்திலும் அவளுக்குத் திருப்தி வராது. "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும். ரெண்டு பேர் மூக்குக்கு நடுவுல ஒரு கை போனாப் போதும். அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு மானிட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். நடிகைகள் வந்து இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வதற்காக, இவர்கள் இருவரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு நேரம் ஒரு முகத்தைப் பார்த்தால் அதில் பார்க்காதது எதுவும் மிஞ்சாது. வேன்காரியின் இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. இமைக்கும்போது ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் பிந்தும்.

ஒரு நாள் வேன்காரி உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். "எங்க வேன்ல ஒரு வாண்டு. தினமும் ஏறினதும் தூங்கிடும். இறக்கிவிட எழுப்பினா, 'ஆன்ட்டி, நான்தான் முதல்ல எழுந்தேன், நீங்க பாக்கல'ன்னு சண்டைக்கு வரும்."

கம்பத்தின் வயிற்றுக்குள் ஏதோ குலுங்கியது. அடக்கினாள். தோள் குலுங்கியது. அதையும் அடக்கினாள். மூக்கின் நிழல் போய் உதட்டில் விழுந்தது.

"மேடம்! கம்பம் ஆடுது!" என்று தொப்பைக்காரர் போட்ட சத்தத்தில் டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வேன்காரி மட்டும் அன்றைக்கு முதல்முறையாக ஆடாமல் அசையாமல் நின்று அவளைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு "ஏங்க" என்பது "ஏய்" ஆயிற்று, "ஏய்" என்பது "என்னடி" ஆயிற்று. மதியச் சாப்பாட்டை இருவரும் வேன்காரி ஓட்டிக்கொண்டு வந்த பள்ளி வேனுக்குள் வைத்துக்கொண்டார்கள். எல்லாம் குழந்தைகளுக்குப் போட்ட சீட்டுகள். வளர்ந்த இரண்டு பெண்கள் முழங்கால் முகவாயில் இடிக்க, யாரோ விட்டுப் போன தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு மதியம் வேன்காரி பேச்சை நிறுத்தினாள். அது சாதாரண விஷயமில்லை. கம்பம் டப்பாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தாள். அன்றைக்கு "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று சொல்ல யாரும் அங்கே இல்லை. அவர்களாகவே கிட்டப் போனார்கள்.

வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கம்பம் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள் அண்ணி, அடுப்பை அணைத்தபடியே.

"யாருமில்ல அண்ணி."

"யாருமில்லாததுக்கா ஒரு லிட்டர் பாலு போச்சு?"

அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை. வரிசையில் நிற்க அனுப்பும்போது மட்டும், "போனை எடுத்துக்கிட்டுப் போ. யாருமில்லாதவங்க யாராவது கூப்பிடப் போறாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

விடுமுறை கரைந்துகொண்டே வந்தது. வேன்காரி ஊருக்குப் போவதைப் பற்றிச் சும்மா சும்மா பேசினாள். அங்கே வேனுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்களாம். அம்மா இப்போதே ஜன்னலோரக் கட்டிலை ஒழித்து வைத்துவிட்டாளாம். கம்பம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். படப்பிடிப்பின் கடைசி நாள் மதியம் வேன்காரிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்டி, நாளன்னிக்குப் போறேன்னு சொல்றேன். ஒரு 'ஐயோ'கூட வரல உன் வாயில?"

கம்பம் வேனின் தரையைப் பார்த்தாள்.

"கீழ என்ன தேடற? அங்க டேப் ஒட்டல. இங்க பாரு. நீ இருன்னு சொன்னாலும் என்னால இருக்க முடியாது. அம்மா தனியா இருக்காங்க. ஆனா ஒரு வார்த்தை நீ சொல்லாம நான் போனா, இதெல்லாம் லைட்டுக்காக நின்னதுன்னுதான் நான் நினைச்சுக்கணும். எனக்கு அது வேணாம்."

சொல்ல வேண்டும் என்று கம்பத்துக்கும் இருந்தது. ஆனால் இத்தனை வருடங்களில் அவள் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் நிற்பது ஒன்றைத்தான். வேன்காரி டப்பாவைப் படாரென்று மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலை எடுக்க வேண்டியது படத்தின் கடைசிக் காட்சி. பஸ் நிலையம். ஒருத்தி பஸ் ஏறிப் போகிறாள், மற்றவள் அசையாமல் நின்று பார்க்கிறாள், படம் முடிகிறது. டைரக்டருக்குச் சூரியன் இறங்குகிற அந்த வெளிச்சம் வேண்டும். சூரியன் இறங்கத் தொடங்கியது, நடிகைகள் மேக்கப் வேனிலிருந்து இறங்குவதாக இல்லை. ஒருத்தியின் ஒட்டு இமைமுடி கழன்று விழுந்துவிட்டதாம். அதை மொத்தப் பேரும் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கம்பத்தைப் பார்த்தாள்.

"முதுகுதானே தெரியப் போகுது? பஸ்ல இருக்கிறவங்க முகமும் தூரத்துல தெரியாது. இவங்களையே வெச்சு எடுத்துடலாம். அக்கா, நடிக்கல்லாம் வேணாம். நீங்க சும்மா நில்லுங்க. உங்க வேலைதானே?"

அவசர அவசரமாகச் சாவிக்காரியின் சட்டையை மாட்டிவிட்டார்கள். டேப் மேல் கம்பம் நின்றாள். வேன்காரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மதியக் கோபம் மாறாத முகம். கேமரா கம்பத்தின் முதுகுக்குப் பின்னால் ஓடத் தொடங்கியது. பஸ் புகையைக் கக்கிவிட்டு நகர்ந்தது.

கம்பம் தரையைப் பார்த்தாள். குறி சரியாகப் பாதங்களுக்கு நடுவில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் போய்க்கொண்டிருந்தது.

"ஐயையோ, கம்பம் ஓடுது மேடம்!" தொப்பைக்காரர் அலறினார்.

உண்மையாகவே ஓடினாள். ஒரு செருப்பு டேப்பின் மேலேயே தங்கிவிட்டது. பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஓடி, ஜன்னலுக்கு நேராக வந்து கத்தினாள்: "லைட்டுக்காக நிக்கலடி! உனக்காகத்தான் நின்னேன்! போகாதடி!"

வேன்காரி பாதி உடம்பை வெளியே நீட்டினாள். முகத்தில் அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் வண்டி ஓட்டுகிறவளின் வாயில் முதலில் வந்தது, "அடியே, தள்ளி ஓடு! பின் டயர் வருது!" என்பதுதான். பிறகுதான் கையை நீட்டி, அவள் தலையைத் தொட்டாள்.

பஸ் திருப்பத்தில் போய் நின்றது. சூரியன் போயே போய்விட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. எல்லோரும் டைரக்டர் என்ன சொல்வாள் என்று பார்த்தார்கள். அவள் மானிட்டரில் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் எழுதினது தப்பு. இதுதான் சரி" என்றாள். "ஆனா அக்கா, அடுத்த படத்துல தயவுசெஞ்சு நில்லுங்க."

சொன்னபடியே மறுநாள் விட்டு அடுத்த நாள் வேன்காரி ஊருக்குப் போனாள். வழியனுப்பப் போன கம்பம் இந்த முறை ஓடவில்லை. ஓடத் தேவையில்லாமல் பஸ்ஸுக்குள்ளேயே ஏறி, கண்டக்டர் விரட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

படம் வெளிவந்தபோது அண்ணி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசிக் காட்சியில் ஒரு முதுகு டேப்பை விட்டு ஓடியது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது அந்த நடிகை இல்ல. அந்த முதுகைத்தான நான் தினமும் அடுப்படியில பாக்கறேன்."

கம்பம் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"பஸ்ல போறவதான் அந்த யாருமில்லாதவளா?"

"ம்."

"போறதுக்கு முன்னாடி ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்ல? என்ன பொண்ணு நீ" என்று சொல்லிவிட்டு, அண்ணி இருட்டில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேன்காரி அந்த ஊரில் மஞ்சள் வேன் ஓட்டுகிறாள். முதலில் தினமும் பேசினாள், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, இப்போது நினைத்தபோது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கம்பம் வேறொரு நடிகைக்காக நிற்கிறாள். நிற்பதற்கு முன்னால் இன்னும் தரையைப் பார்க்கிறாள். லைட்மேன்கள் மட்டும், ஷாட்டில் பஸ் ஏதாவது இருந்தால், அவள் செருப்பின் வாரை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறார்கள்.