மண்மேட்டை நோக்கி நூறு மீட்டர்

பலாங்கொடையிலிருந்து மலையேறும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் எங்கள் பாடசாலை இருக்கிறது. பெயரில் கல்லூரி என்ற சொல் உண்டு. மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். மூலைக்கு மூலை அளந்தால்தான் நூறு மீட்டர் வரும். ஒரு மூலையில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிவந்த மண்மேடு. எதிர்மூலையில் கேட். கேட்டைத் திறந்துவிட்டால் தேயிலைத் தோட்டத்து ரோடு. மண்மேட்டடியில் புறப்பட்டு, கேட் வழியாகப் பாய்ந்து, ரோட்டில் போய் வேகம் குறைத்து நிற்பதுதான் எங்கள் பிள்ளைகளின் நூறு மீட்டர்.

ஓட்டம், பாய்ச்சல் பழகும் மெய்வல்லுநர் அணிக்கு நாங்கள் நான்கு பேர் பொறுப்பு. உடற்கல்வி ஆசிரியரைப் பிள்ளைகள் பி.டி. சேர் என்பார்கள். ஓட்டத்துக்கு, கீழே சிங்களக் கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர் வருவார். இராணுவ அணிக்கு ஓடியவர். தோட்டத்துத் தமிழை நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்கு மாறிவிடுவார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். மூன்றாவது, மனையியல் டீச்சர். பெண்பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போக ஓர் ஆசிரியை வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர். நான் பத்திரிகையில் சில வருடம் இருந்துவிட்டுத் தமிழ் படிப்பிக்க வந்தவன். என் வேலை நேரம் பார்ப்பது.

அந்த வருடம் எங்கள் நால்வரின் கவனமும் ஒரு மாணவி மேல் இருந்தது. உயர்தர வகுப்பில் கடைசி வருடம். தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு. அவளுடைய அக்கா கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தாள். பரீட்சை முடிந்ததும் இவளும் அங்கே போவதாக வீட்டில் பேச்சு. மாகாணப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஓடியிருந்தால் உடற்கல்வி ஆசிரியை ஆவதற்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும். அதுவரை பொறுக்கிறோம் என்று அவளுடைய அப்பா பி.டி. சேரிடம் சொல்லியிருந்தார்.

வலயமட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். ஆனால் புறப்பாட்டில் எல்லோருக்கும் பின்னால் எழுந்தாள். பி.டி. சேர் தொலைபேசியில் எடுத்த வீடியோவை ஆசிரியர் அறையில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்திருக்க, இவள் மட்டும் முகத்தை நிமிர்த்தி எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அவளையே கூப்பிட்டுக் கேட்டோம்.

"பலகையத்தான் சேர் தேடுனேன்," என்றாள்.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கச் சுடும் துப்பாக்கி எங்களிடம் இல்லை. இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்த தட்டுப்பலகையை மாஸ்டர் ஓங்கி அடிப்பார். புறப்படும் மூலையில் பின்னால் மண்மேடு, ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வகுப்பறைச் சுவர். மேட்டின் உச்சியில் மண்சரிவு அபாயப் பலகை நட்டிருந்ததால் அங்கே ஏறவும் முடியாது. ஆகவே மாஸ்டர் எப்போதும் முன்னால் நின்றுதான் அடித்தார். அவள் சத்தத்துக்குப் புறப்படவில்லை. அவருடைய கைகள் சேர்வதைப் பார்த்துப் புறப்பட்டாள். வலயப் போட்டியில் துப்பாக்கிக்காரர் அவளுக்குப் பின்பக்கம் நின்றார்.

மாஸ்டர் வீடியோவை நிறுத்திவிட்டு, "தப்பு நம்மளோடது," என்றார். பிறகு, "மைதானத்தைத் திருப்புவோம்," என்றார்.

அதாவது கேட்டிலிருந்து புறப்பட்டு மண்மேட்டை நோக்கி ஓடுவது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் மாஸ்டர் நின்றால் அவர் கை அவள் கண்ணில் படாது.

"புறப்பாட்ட மட்டும் அங்கேருந்து பழக்கலாமே மாஸ்டர்," என்றார் பி.டி. சேர். "பாதி தூரம் ஓடட்டும். முழு ஓட்டம் பழைய பக்கமே இருக்கட்டும். முடியிற இடத்துல மேடு நிக்குது."

"பாதி பாதியா பழகினா பாதி பாதியாத்தான் ஓடும் சேர். எழும்புறதும் ஓடுறதும் ஒண்ணு."

"மேட்டுல மோதிக்கிட்டா?"

"நாம நாலு பேர் எதுக்கு இருக்கோம்?"

டவுன் மைதானத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னேன். பின்னேர பஸ்ஸை விட்டால் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போவாள் என்று டீச்சர் கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

சுகவீன அறையிலிருந்து பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து மண்மேட்டில் சாய்த்தோம். அதன் முன்னால் டீச்சரும் பி.டி. சேரும் கை நீட்டி நின்றார்கள். நான் முடிவுக் கோட்டருகே நேரம் பார்த்தேன். மாஸ்டர் ரோட்டில் நின்று பலகையை அடித்தார். "ஒலுவ பஹத!" என்ற அவருடைய அதட்டல் கேட்டதும் அவள் தலை தாழும். அவள் வந்து கோட்டைத் தாண்டுவாள், இரண்டு எட்டில் இவர்கள் மேல் விழுவாள், மூவரும் மெத்தையில் சரிவார்கள். மதியத்துக்குப் பிறகு தினமும் மழை. மழை விட்ட இடைவெளியில்தான் பயிற்சி. மெத்தை சிவப்பாகிவிட்டது. டீச்சரின் சேலையும் அப்படித்தான்.

"டீச்சர், இன்னைக்கு அடி எப்படி?" என்று பி.டி. சேர் ஒருநாள் கேட்டார்.

"கையெல்லாம் கன்னிப்போச்சு. ஸ்கூல்ல யாரோட சண்டைன்னு எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு."

"என்ன சொன்னீங்க?"

"பி.டி. சேரோடன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வருவாரு, பேசிக்குங்க."

சில வாரங்களில் அவளுடைய புறப்பாடு மாறிவிட்டது. பலகை அடிக்கும் சத்தமும் அவள் கால் எழும்புவதும் ஒன்றாகவே இருந்தன. மாஸ்டர் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாராட்டு எதுவும் சொல்லாமல், ஒரு வெற்றிலை போட்டார். அவர் கணக்கில் அது பெரிய பாராட்டு.

மாகாணப் போட்டி கேகாலைப் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் நடந்தது. எட்டுத் தடங்கள், கோட்டுக்கு அப்பால் வளைவு வரை திறந்த வெளி. முதல் சுற்றில் துப்பாக்கி வெடித்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்தது எங்கள் பிள்ளைதான். மாஸ்டர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். முக்கால் தூரம் வரை முன்னால்தான் இருந்தாள். கோடு நெருங்கும்போது உடம்பு நிமிர்ந்தது, கால் எட்டு சுருங்கியது, இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். நேரக் கணக்கில் கடைசி ஆளாக இறுதிப் போட்டிக்குத் தெரிவானாள்.

"களைச்சிருச்சு," என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர்," என்றார் டீச்சர். "கோட்டுக்கு முன்னாலயே ஒரு பக்கத் தோளத் திருப்புனா, பாத்தீங்களா? எங்க மேல விழுறப்போ அப்படித்தான் திருப்புவா. முகத்துல அடி படக்கூடாதுன்னு."

பி.டி. சேர், தான் முன்பே சொன்னதை நினைவூட்டவில்லை. அன்றைக்கு நான் கவனித்தவற்றில் அதையும் சேர்க்க வேண்டும்.

அவளிடம் போனோம். தகரக் கொட்டகை நிழலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"துவ," என்றார் மாஸ்டர். மகளே என்று அவர் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். "அங்க மேடு இல்ல."

"தெரியும் மாஸ்டர். கண்ணுக்கு நல்லாத் தெரியுது. கால்தான் கேக்க மாட்டேங்குது."

கோட்டுக்கு அப்பால் நடந்து காட்டலாம் என்று நான்கு பேரும் அவளைக் கூட்டிக்கொண்டு தடத்தில் இறங்கினோம். பத்து எட்டு வைப்பதற்குள் ஒரு நடுவர் ஓடிவந்து சிங்களத்தில் எங்களை விரட்டினார். மாஸ்டர் அவரிடம் ஏதோ கெஞ்சிப் பார்த்தார். பயனில்லை.

வெளியே வந்ததும் டீச்சர் கேட்டார்: "நான் எங்க நின்னாலும் நீ அங்க வருவியா?"

"வருவேன் டீச்சர்."

"சரி. வேலிக்கு வெளிய அந்த வளைவு இருக்குல்ல, அங்க நிக்கிறேன். கோட்டப் பாக்காத. என்கிட்ட வா."

"அம்புட்டுத் தூரமா?"

"நடந்து போகப்போறது நான்தானே. உனக்கென்ன?"

மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். மறுக்கவில்லை. "மிஸ், குடைய விரிச்சுப் பிடிங்க. தெரியணும்," என்று மட்டும் சொன்னார்.

மழை இல்லாத நேரத்தில் வளைவின் வேலியோரம் ஒரு நீலக் குடை விரிந்தது. பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் அதை மடக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். டீச்சர் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

துப்பாக்கி வெடித்தது. இம்முறையும் நன்றாக எழுந்தாள். நான் நேரம் பார்க்க வேண்டியவன், ஆனால் அவளுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தூரத்தில் இரத்தினபுரிப் பிள்ளை ஒருத்தி அவளைத் தாண்டினாள். பிறகு இன்னொருத்தியும். கோடு நெருங்கியது. தோள் திரும்பவில்லை. பக்கத்துத் தடத்துப் பிள்ளையோடு ஒட்டி, அதே வேகத்தில் கோட்டைக் கடந்தாள். மற்றவர்கள் குனிந்து மூச்சு வாங்கும்போது இவள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தாள். வளைவுக்குள் நுழைந்து, வேலிக் கம்பியில் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் நின்றாள். பழைய வழக்கப்படி டீச்சர் கைகளை நீட்டியதில் குடை வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

முடிவு வரத் தாமதமானது. மூன்றாம் இடத்துக்கு வீடியோ பார்க்கிறார்கள் என்று பி.டி. சேர் வந்து சொன்னார். மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒலிபெருக்கி எங்கள் பாடசாலைப் பெயரைச் சிங்கள உச்சரிப்பில் சொன்னது. மூன்றாவது.

முன்பு எங்களை விரட்டிய அதே நடுவர் கையில் கடதாசியோடு வந்தார். அகில இலங்கைப் போட்டிக்குப் பிள்ளையோடு வரும் பயிற்றுநர் கையெழுத்துப் போட வேண்டுமாம். "கோச் கவுத?" என்று கேட்டார். யார் கோச்?

மாஸ்டர் எழுந்து, பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டு, வளைவைக் காட்டினார். அங்கே டீச்சர் வேலிக்கடியில் கையை விட்டுக் குடையை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மிஸ்," என்றார்.

நடுவர் அந்தப் பக்கம் நடந்தார். பி.டி. சேர் மாஸ்டரிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப திங்கட்கிழமையிலிருந்து எந்தப் பக்கம் ஓடுறது?"

"பழைய பக்கம்," என்றார் மாஸ்டர். "புறப்பாட்டுக்கு மட்டும் கேட். நீங்க சொன்ன மாதிரி."