மெட்டுகுடாவின் விருந்தாளிகள்

கணக்கு வராது என்பதால்தான் செலின் சமூகவியலில் சேர்ந்தாள். எம்.ஏ. இரண்டாம் ஆண்டில், ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக் கதவைத் தட்டச் சொன்னார்கள். ஆய்வுக்களம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். "நீ வளர்ந்த இடம்தானே, பயமில்லாம கேக்கலாம்" என்றார் பேராசிரியர் சக்ரபாணி.

பயமே அதுதான். அவள் வளர்ந்த வீடு, போலாரத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட ரயில்வே ஊழியர் ஜெயகரனுக்கு ஒதுக்கியது. செலின் குடும்பம் அவருக்கு வாடகை கொடுத்து உள்ளே இருந்தது. சட்டப்படி கூடாது, வெளியே தெரிந்தால் அவருக்கு வேலையும் இவர்களுக்கு வீடும் போகும். காகிதத்தோடு யார் வந்தாலும் சொல்ல வேண்டியதை அம்மா ஷோபா மகளுக்கு ஜெபத்துக்கும் முன்னால் கற்றுக்கொடுத்திருந்தார்: "நாங்க விருந்தாளிங்க, நேத்துதான் வந்தோம்." நேற்று வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

தன் வீடு ஐந்தாவதாக வராதபடி குவார்ட்டர்ஸின் முன்வாசலிலிருந்து எண்ணி வைத்திருந்தாள் செலின். களத்தைப் பார்க்க வந்த சக்ரபாணி, பின்வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கிருந்தே எண்ண ஆரம்பித்தார். சரியாக அவள் வீட்டு முன் நின்றார்.

"சார், அந்த வீடு நக்கோ, வேணாம் சார். நாய் இருக்கு."

"நாய் இருக்கற வீட்டுல சமூகம் இருக்காதா?" தட்டிவிட்டார்.

கதவைத் திறந்த அம்மா சக்ரபாணி கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பக்கத்தில் வெளிறி நின்ற மகளைப் பார்த்தார். பெண் மாட்டிக்கொண்டாள் என்று முடிவு செய்தார்.

"கைக்கு, எதுக்கு வந்தீங்க? நாங்க விருந்தாளிங்க சார். நேத்துதான் வந்தோம்."

"இந்தப் பொண்ணைத் தெரியுமா?"

அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார். "ம்ஹும். யாரோ பாவம், சாப்பிடாம வந்திருக்கு."

சக்ரபாணி கண்ணைக் காட்ட, செலின் கேட்டாள். "எத்தனை பிள்ளைங்க… ஆன்ட்டி?"

"ஒண்ணு. என்னமோ படிக்குது. எதுக்குன்னு அதுக்கே தெரியல."

"எதிர்காலத்துல… எதை நினைச்சு பயப்படறீங்க?"

அம்மாவின் கை கதவைப் பிடித்துக்கொண்டது. "பாக்கறதெல்லாம் எழுதறதுதான் எம்பொண்ணு படிப்பாம். எழுதிடுமோன்னுதான்."

அவருக்குப் பின்னால் சுவரில், முதல் நற்கருணைக்கு வெள்ளை கவுன் போட்ட செலின் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சக்ரபாணி படத்தைப் பார்த்தார், செலினைப் பார்த்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தார்.

"இந்த வீட்டை விட்டுடு. இனிமே நீ எண்ணின பக்கத்துலேர்ந்தே எண்ணு" என்றார்.

செலின் இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறாள். கதவு தட்டப் போகிறவர்களுக்கு, ஜனங்களிடம் உண்மையை வரவழைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாள். வாடகை வீடு அவள் பெயரிலேயே, முறைப்படி. ஒப்பந்தம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

போன மாதம் கணக்கெடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். "வீட்ல எத்தனை பேர், மேடம்?"

செலின் பீரோ இருந்த பக்கம் பார்த்தாள். சமையலறையில் அம்மா கரண்டியின் சத்தத்தை நிறுத்தினார்.

"நாங்க விருந்தாளிங்க" என்றாள் செலின். "நேத்துதான் வந்தோம்."