நீலப் புகையும் ஒரு தட்டுத் தண்ணீரும்

அறுபதுகளின் கடைசியில், ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் நடந்தது இது. அப்போது நான் ஒரு பத்திரிகைக்குத் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எதை இறக்கியது என்று ஒரு பிழையும் இல்லாமல் எழுத வேண்டிய வேலை. அந்தத் துல்லியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஊர் திரும்பும்போது தன் காரை விற்றார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேல்கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். வயது பதினைந்துக்கு மேல். என்னைப் போன்றவன் வாங்கக்கூடிய வண்டியே அல்ல, ஆனாலும் வாங்கிவிட்டேன். அன்று எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

எங்கள் சந்து குறுகல். மீன் ஏற்றிய கைவண்டிகள் விடியற்காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். அதற்கு வழி விட, காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் சாக்கடை ஓரத்துக் கல் மேடையில் ஏற்றி நிறுத்துவேன். தினமும் காலை ஆறு மணிக்கு எண்ணெய் அளக்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். முதல் நாளே எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. மேல்கோடு வரை ஊற்றினேன். அதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன்.

பத்து நாளில் வண்டி நீலமாகப் புகைவிட ஆரம்பித்தது. எண்ணெயும் தினமும் குறைந்தது. நானும் தினமும் ஊற்றினேன்.

வண்டியின் நம்பர் கல்கத்தா நம்பர். சென்னை நம்பருக்கு மாற்ற, மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். புகை கண்ணுக்குத் தெரிந்தால் சரி சொல்ல மாட்டார்கள். சோதனை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். மைதானத்தில் நின்றிருந்த லாரிக்காரர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்னய்யா இது, காரா? கொசு மருந்து அடிக்கிற வண்டியா?” என்றார் இன்ஸ்பெக்டர். பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் புகை நிற்காவிட்டால் வண்டி சாலைக்கே வரக்கூடாது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே என் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். தேதி, நேரம், அளவு எல்லாம் இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெய் படிந்திருந்தது. “இன்னா சார் பாக்கறதுக்கு கீது? நீயே எல்லாம் எழுதி வச்சிக்கீற. எஞ்சின் உள்ள தேஞ்சிபூட்ச்சி” என்றார். பிஸ்டன் வளையங்கள் புதிதாகப் போட வேண்டும். அவை சீமையிலிருந்து வர வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு அனுமதி வாங்கி வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் சந்துக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த இன்ஜினீயர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன்.

எதிர் வீட்டில் ஒரு மீனவக் குடும்பம். கணவர் விசைப்படகு ஓட்டுபவர். படகு கரைக்கு வந்ததும் அவர் தூங்கப் போய்விடுவார். மீனை ஏலம் விடுவதும், டீசல் பிடிப்பதும், எஞ்சின் எண்ணெய் பார்ப்பதும் அவர் மனைவி. முப்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. காலையில் நான் எண்ணெய் ஊற்றுவதை வாசலில் நின்று பார்ப்பார். ஒரு நாள், “இன்னா சார், டெய்லி ஊத்திக்கினே கீற? சாராயக் கடைக்காரன்கூட இவ்ளோ ஊத்த மாட்டான்” என்று சிரித்தார். அருகில் வந்து ஏதோ சொல்லவும் முயன்றார்.

“இது வேற மாதிரி எஞ்சின்ம்மா. போட்டு எஞ்சின் இல்ல” என்றேன்.

“சரி சார். படிச்சவரு நீ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தவணை முடிய மூன்று நாள் இருந்தது. வழக்கம்போல குச்சியும் கையுமாக நின்றிருந்தேன். அந்தப் பெண்மணி ஒரு பீங்கான் தட்டில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியில் தட்டை வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார்.

தண்ணீர் முழுவதும் வலப்பக்க விளிம்புக்குப் போய் வழிகிற மாதிரி நின்றது. இடப்பக்கம் தட்டின் வெள்ளைப் பீங்கான் காய்ந்து தெரிந்தது. குச்சி இருப்பது அந்த இடப்பக்கம்.

“நீ மேட்டுல ஏத்தி வச்சிக்கினு குச்சி வுட்டா எண்ணெ இந்தாண்ட ஓடிப்பூடும். குச்சில இன்னா தெரியும்? போட்டு கரைல சாஞ்சிக்கினு கீறப்போ நாங்க குச்சியத் தொடவே மாட்டோம். இந்தத் தட்டுல தண்ணி நேரா நின்னாத்தான் தொடுவோம். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீதான் வேற மாதிரி எஞ்சின்னு சொல்லிட்ட.”

குச்சியைத் துடைத்து அதன் இடத்தில் செருகினேன்.

சந்து முனையில் வலை காயப்போடும் சிமென்ட் தளம் ஒன்று இருந்தது. நாலு பேர் சேர்ந்து காரை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். தட்டை மறுபடி வைத்தோம். தண்ணீர் நேராக நின்றது. கால் மணி நேரம் விட்டுக் குச்சியை எடுத்தேன். மேல்கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை எண்ணெய். வேண்டியதைவிட அதிகமாக இருந்த அந்த எண்ணெய்தான் உள்ளே தெறித்து எரிந்து புகையாக வந்திருக்கிறது. புகையைப் பார்த்து எண்ணெய் குறைகிறது என்று நான் இன்னும் ஊற்றியிருக்கிறேன்.

அடியிலுள்ள திருகைக் கழற்றி, அதிகமாக இருந்ததை ஒரு தகர டப்பாவில் பிடித்தேன். “அத்தக் கொட்டிடாத. எங்க போட்டு கப்பிக்குப் பூச ஆவும்” என்று டப்பாவை அவர் எடுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், “மாமு, வண்டிக்குப் பேதி மருந்து குடுத்துட்டாங்கடா” என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

பிளக்குகளைத் துடைத்துப் போட்டுக் கிளப்பினேன். புகை வந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. “சைலன்ஸர்ல ஒட்டிக்கினு கீறது எரிய வேணாமா? தூரமா ஓட்டிட்டு வா. அப்டியே காத்திவாக்கத்துல எறா வாங்கியா” என்று அந்தப் பெண்மணி, கூட்டத்தில் நின்ற என் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்தார்.

திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாகப் போனோம். அதுவரை அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்றிருந்த என் மனைவி, இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தலையில் போட்ட முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி புகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். “வருது... வருது... கொஞ்சமா வருது.” எர்ணாவூர் தாண்டியதும் பேச்சு நின்றது. என்ன என்று கேட்டேன். “ரோடு தெரியுது” என்றாள். கழிமுகத்தில் வண்டியை நிறுத்தி, வலையிலிருந்து அப்போதுதான் கொட்டிய இறாலை வாங்கினோம்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “கொசு வண்டியா?” என்றார். ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லி, தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்தார். போதும் என்று சொல்லவே இல்லை. கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எஞ்சினை இறக்கி வேலை பாத்தீங்களா?”

“இல்ல சார். எண்ணெயை இறக்கினேன்.”

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் இன்னொரு வேலை இருந்தது. அந்த இன்ஜினீயரைப் பற்றி யார் யாரிடம் சொன்னேனோ, அவர்களிடமெல்லாம் மேஜை மேஜையாகப் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். சிலருக்கு நான் சொன்னதே ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தவர்கள் நன்றாகச் சிரித்தார்கள்.

வண்டி எட்டு வருடம் எங்களோடு இருந்தது. எனக்கு நிலைத்தது வேறொன்று: ஒருவரைக் குற்றம் சொல்லி யாராவது எண்களோடு என்னிடம் வந்தால், எண்கள் சரியா என்று பார்ப்பதற்கு முன்பு, அவற்றை அளந்தவர் எங்கே நின்று அளந்தார் என்றுதான் இன்றும் முதலில் கேட்கிறேன்.